காய் சேர்க்காத பாத்தி

பெங்களூருக்கு வெளியே, சந்தாபுராவைத் தாண்டி மமதாவின் காய்கறி நிலத்தில், பிரிஜெட் வாடகைக்கு எடுத்திருந்த துண்டில், கீரை விதைத்த பாத்தியில் பித்தளைச் சொப்புச் சாமான்கள் முளைத்தன. குடம், குண்டான், மூடி போட்ட இட்லிக் கொப்பரை, சுண்டுவிரல் நீளத்தில் கரண்டி என்று எல்லாம் வரிசை பிசகாமல், தலையில் கொஞ்சம் மண்ணோடு வெளியே வந்து நின்றன. அந்த வாரம் தக்காளி கிலோ எண்பது ரூபாயைத் தொட்டிருந்ததால் பக்கத்துத் துண்டுக்காரர்களுக்கு இதைப் பற்றிப் பேச நேரம் இருக்கவில்லை. நிலத்துச் சொந்தக்காரி மமதா வந்தாள், ஒரு குண்டானைப் பிடுங்கி விரலால் சுண்டிப் பார்த்தாள், நல்ல கனம் என்றாள், ஊர் அங்கன்வாடிக்குக் கொடுத்தால் பிள்ளைகள் விளையாடும் என்று கூடை எடுத்துவரப் போனாள். பிரிஜெட் மட்டும் வரப்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கையால் தூவியது அரைக்கீரை விதை. அதில் சந்தேகமே இல்லை.

இது எப்படி ஆயிற்று என்று சொல்ல வேண்டுமானால் அவள் வீட்டுக்காரரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரிஜெட் விஷயத்தில் எல்லாமே அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மர்பி டவுனில் அவர்களுக்கு இரண்டு ரூமும் ஒரு நீட்டுச் சமையலறையும் உள்ள வீடு. பிரிஜெட்டுக்கு அல்சூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை. ஊரெல்லாம் அவள் வீட்டுக்காரரை டொமினிக் என்று கூப்பிடும். அவள் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து பேர் சொன்னதில்லை. அவரைக் கேக்கணும், அவரைக் கூட்டிட்டு வரேன், அவரைப் பாத்தீங்களா என்றுதான் அவளுக்கு வாய் வரும். கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்கள், யார் ஆன்ட்டி அந்த அவரு என்று கேலி செய்வார்கள். பிரிஜெட் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளின் பேரைச் சத்தமாகக் கூப்பிடுவாள்.

டொமினிக் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் லேஅவுட் போடுகிறவராக இருந்தார். பெங்களூரில் லேஅவுட் என்றால் வீடு கட்டச் சைட்டு விற்கிற இடம் என்று குழந்தைக்கும் தெரியும். இவருடைய லேஅவுட் வேறு. எந்த லேத்து எங்கே நிற்க வேண்டும், டிரில்லிங் மெஷினுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும், தள்ளுவண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காகிதத்தில் கோடு போட்டுச் சொல்வார். அதன்படி பத்துப் பேர் சேர்ந்து இரும்பை நகர்த்துவார்கள். அந்தப் பழக்கம் ஷாப்போடு நிற்கவில்லை. கோயில் திருவிழாவில் பலூன் கடை எங்கே, பஜ்ஜிக் கடை எங்கே என்று அவர்தான் சொல்ல வேண்டும். மர்பி டவுனில் எந்த வீட்டில் புது பிரிட்ஜ் வந்தாலும் ஆள் விட்டு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கதவை இடது பக்கம் திறக்கிற மாதிரி மாத்தி வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டுப் போவார். லேஅவுட் டொமினிக் என்றே பேர் நின்றுவிட்டது. வீட்டில் பிரிஜெட் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தாலும் அதற்கு ஒரு பாட்டு உண்டு. அந்தக் காலத்தில் அது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஷாப்பைத் தும்கூர்ப் பக்கம் கொண்டுபோனார்கள். புது இடத்துக்கு லேஅவுட்டைக் கம்ப்யூட்டரே போட்டுவிட்டது. டொமினிக்குக்கு ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் மெல்ல மெல்ல மங்க ஆரம்பித்தார். முதலில் நிழல் போயிற்று; வெயில் காலம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பிறகு மால் வாசலில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஊதா லைன் மெட்ரோவில் ஒரு பெரிய மனுஷி அவர் மடியிலேயே உட்கார்ந்து இந்திரா நகர் வரை போனாள். டாக்டரிடம் காட்டினார்கள். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சிரிஞ்சில் என்னவோ வந்தது, ஆனால் எதிரே இருந்த சுவர் அதில் தெரிந்தது. விட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வருஷம் திரும்புவதற்குள், பக்கவாட்டில் வெயில் விழுந்தால்தான் டொமினிக் இருப்பது தெரியும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மங்கினதுகூட பிரிஜெட்டுக்குப் பெரிதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டால் அவளுக்கு மூக்கும் மீசையும் தெரியும். அவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டார், அதுதான் அவளைக் கொன்றது. ஒருநாள் வேண்டுமென்றே பிரிட்ஜை நகர்த்தி சமையலறை வாசலில் பாதியை மறைத்து நிறுத்தினாள். இது எங்கே இருக்கட்டும் என்று அவரிடம் போய்க் கேட்டாள். எங்க வேணா போடு என்றார் அவர். லேஅவுட் டொமினிக் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. பிரிஜெட் ஒருக்களித்துச் சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிரிட்ஜ் அங்கேயே நின்றது.

பூனாவில் இருக்கிற மகள் ஆஷ்லிக்கு வீடியோ காலில் நாற்காலிதான் தெரிந்தது. அப்பா பேசுறார், நாற்காலிக்குக் கொஞ்சம் முன்னாடி பாரு என்று பிரிஜெட் சொல்ல வேண்டியிருந்தது. ஆஷ்லிதான் போனில் தேடி இந்த நிலத்தைப் பிடித்தாள். ஊரில் இருக்கிறவர்களுக்கு முப்பதுக்கு இருபது அடித் துண்டு துண்டாக, தண்ணீரோடு மமதா வாடகைக்கு விடுகிறாள். பெங்களூர்க் கணக்கில் அது அரை சைட்டு. வெறும் மண். எதை எங்கே போடுவது என்று ஒருவர் யோசித்தே ஆக வேண்டும். அதைவிட அப்பாவுக்கு வேறென்ன மருந்து வேணும் என்றாள் ஆஷ்லி. பிரிஜெட்டுக்கும் அது சரியாகப் பட்டது. ஊதாவில் ஏறி, பச்சைக்கு மாறி, மஞ்சளுக்கு மாறி, பொம்மசந்திராவில் இறங்கி பஸ் பிடித்து, புருஷனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நிலத்தைக் காட்டினாள். டொமினிக் வரப்பில் நின்றார். அவர் வழியாகப் பின்னாலிருந்த யூகலிப்டஸ் மரங்கள் தெரிந்தன. எங்க வேணா போடு என்றார்.

சரி, அவள் கையாலேயே போட்டாள். பங்குக் கோயில் காலண்டரில் முடிந்துபோன மாதத்தாளைக் கிழித்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தாள். வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகப் போட்டாள். தண்ணீர்க் குழாய் தெற்கே இருக்க, நடக்கிற வழியை வடக்கே விட்டாள். உயரமாக ஏறுகிற கொடிக்குத் தெற்கு ஓரத்தைக் கொடுத்தாள். அது வளர்ந்தால் பின்னால் இருக்கிற செடிக்கு வெயில் வராது என்று அவளுக்கும் தெரியும், இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா. வழியின் அகலத்தை ஒரு ஆள் ஒரு காலை மற்ற காலுக்கு முன்னால் வைத்துத்தான் நடக்க முடியும் என்கிற மாதிரி வைத்தாள். கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தாள். மனசுக்குள், திட்டுங்க, ஒரு தடவை திட்டுங்க என்று கெஞ்சினாள். டொமினிக் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார்.

அந்தத் தாளில் இன்னொரு விதமான தப்பும் இருந்தது. அது அவள் வேண்டுமென்று செய்ததல்ல. பிரிஜெட் படித்தது இங்கிலீஷிலும் கன்னடத்திலும். தமிழ் எழுத்து அவளுக்கு ஜெபப்புத்தகத்திலிருந்து வந்தது. சர்வேசுரா என்று பிழையில்லாமல் எழுதுவாள், சாமான் சீட்டு எழுதினால் தடுமாறுவாள். பேச்சிலோ பெங்களூர்த் தமிழர் எல்லோரையும் போல மூன்று பாஷையும் ஒன்றாகத்தான் வரும். தெருவில் கீரைக்காரி சொப்பு, சொப்பு என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு போவதைக் கேட்டே வளர்ந்தவளுக்குக் கீரை என்றால் சொப்புதான். கட்டத்துக்குள் அப்படியே சொப்பு என்று எழுதினாள். பிறகு செய்ததுதான் வினை. அவர்கள் பக்கத்தில் வீடு கட்டினால் மாதா மெடல் ஒன்றை அஸ்திவாரத்தில் போடுவது வழக்கம். நிலத்துக்கும் அப்படிச் செய்யலாமே என்று தாளைப் பாலிதீன் கவரில் மடித்து வைத்து, ஒரு மெடலையும் சேர்த்து, ஃபாதரிடம் மந்திரித்துக்கொண்டு வந்து, பெங்களூர்க்காரி ஆனபடியால் வாஸ்துவையும் விடாமல், ஈசானிய மூலையில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள். நிலம் அதை எடுத்துப் படித்துவிட்டது.

சொப்புச் சாமானுக்கு அடுத்த வாரம் கோஸ் பாத்தியிலிருந்து கொசு கிளம்பிற்று. கன்னடத்தில் கோசு என்பதை எழுதும்போது பிரிஜெட் கொம்பை ஒற்றையாகப் போட்டிருந்தாள். ஒன்று சொல்ல வேண்டும், ஒழுக்கமான கொசுக்கள். ஒரு முழத்துக்கு ஒரு கொத்தாக நின்று ரீங்காரம் செய்துகொண்டிருந்தனவே தவிர வரப்பைத் தாண்டி ஒருவரையும் கடிக்கவில்லை. நூல்கோல் போட்ட இடத்தில், கோலில் சுற்றிய நூல்கண்டுகள் காய்த்தன. பழுப்பும் மஞ்சளும் சாயம் போகாத ரகம். மர்பி டவுனில் தையல் கடை வைத்திருக்கிற ரத்தினம்மாள் அவற்றை ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போய் மூன்று ரவிக்கை தைத்தாள். பீட்ரூட் என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய பாத்தி மொட்டையாகக் கிடந்தது. அந்த பாஷை அந்த மண்ணுக்கு எட்டவில்லை. தக்காளியும் மிளகாயும் மட்டும் தக்காளியும் மிளகாயுமாக வந்தன. கேள்விப்பட்டு, அடுத்த துண்டில் இருந்த ஐ.டி. தம்பதி கம்ப்யூட்டரில் கலர் கலராக அச்சடித்து டிராகன் ஃப்ரூட் என்று புதைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புல்தான் வந்தது. இங்கே அதிசயம் ஒன்றும் கிடையாது, நீங்க வெச்சதைத்தான் மண்ணு குடுக்குது என்று மமதா எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லி, தண்ணீர் முறையை மாற்றப் போனாள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் ஸ்வர்ணா மிஸ். ஜெயநகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு துண்டு தள்ளி அவளுக்கு வெண்டைத் தோட்டம். பிரிஜெட் புதைக்கும் முன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தவள், வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நிலத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை, எழுதினபடி கொடுத்திருக்கிறது என்றாள். தமிழில் சொப்பு என்றால் விளையாட்டுச் சாமான் என்று பிரிஜெட்டுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் சின்ன வயதில் அதை வைத்து விளையாடியவள்தான். இரண்டு சொப்பும் தலைக்குள் அவளுக்கு இதுவரை சந்தித்துக்கொண்டதில்லை. அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று ஒரு குட்டிக் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் நாற்காலி இருந்தது. விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, கோணம் மாற்றிப் பார்த்தாள். மூக்கு தெரிந்தது. மீசை தெரியவில்லை.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சிவாஜி நகர் போய்விட்டு வந்த மறுவாரம், குளிர்காலப் பயிருக்கு இரண்டாவது திட்டம் போட உட்கார்ந்தார்கள். மமதாவின் பம்ப் செட் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்து, பிரிஜெட் கோடு போட, ஸ்வர்ணா மிஸ் பிழை பார்த்தாள். நிலம் படிக்கிற நிலம் என்று தெரிந்த பின்னால் ஒவ்வொரு வார்த்தையும் கத்திமேல் நடக்கிற காரியமாக இருந்தது. சொப்பை அடித்துவிட்டுக் கீரை என்று எழுதினார்கள். முட்டைக்கோஸ் என்று முழுசாக எழுதலாமா என்றால், முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மண் முட்டை போட்டால் என்ன செய்வது என்று பிரிஜெட் பயந்தாள். அந்தப் பயிரையே விட்டுவிட்டார்கள். கத்தரி என்று எழுதப் போனவளின் கையை ஸ்வர்ணா மிஸ் பிடித்து, கத்தரிக்கோல் வந்து நிற்கும், காய் சேத்துக்கோங்க என்றாள். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் காய் சேர்ப்பது என்று முடிவாயிற்று. கத்தரிக்காய், வெண்டைக்காய், சுரைக்காய். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தெற்கு ஓரத்தில் கொடி ஏறுகிற பாத்திக்கு வந்தபோது பிரிஜெட் அவரை என்று எழுதினாள்.

பெங்களூரில் மார்கழிப் பனி இறங்கினால் அவரைக்காய்தான். தெருமுனையெல்லாம் அந்த வாசனை அடிக்கும். டொமினிக்குக்கு அவரைக்கொட்டையைப் பிதுக்கி வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் உயிர். மங்குவதற்கு முன்னால் மூன்று வேளையும் அதையே வைத்தாலும் சாப்பிடுவார். அதனால்தான் அந்தப் பாத்தியை அவள் முதலிலேயே நினைத்து வைத்திருந்தாள். ஸ்வர்ணா மிஸ் பென்சிலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள்.

"இதுலயும் காய் சேத்துக்கோங்க மேடம். வெறும் அவரைன்னா ஆளையும் குறிக்கும். அவரைப் பாரு, அவரைக் கூப்பிடுன்னு சொல்றோமில்லையா."

பிரிஜெட் காய் என்று எழுதப் பென்சிலைக் கொண்டுபோனாள். ககரத்தின் முதல் கோடு விழும் முன்னால் கை நின்றுவிட்டது. கொட்டகைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் டொமினிக் உட்கார்ந்திருந்தார்; அவளுக்கே அதை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. சாயங்கால வெயில் பக்கவாட்டில்தான் விழுந்துகொண்டிருந்தது, அப்படியும் ஸ்டூலின் நாலு காலும் முழுசாகத் தெரிந்தன. அவள் ரப்பரை எடுத்து, எழுதாத இடத்தை ஒரு தடவை சுத்தமாகத் துடைத்தாள்.

"இது இப்படியே இருக்கட்டும் மிஸ்."

"எந்த அவரைன்னு நிலத்துக்கு எப்படித் தெரியும்? வேற யாரோ ஒருத்தர் வந்து நின்னுட்டா என்ன பண்ணுவீங்க?"

"எனக்கு அவருன்னா ஒருத்தர்தான் மிஸ்."

ஸ்வர்ணா மிஸ் அதற்கு மேல் ஒன்றும் திருத்தவில்லை. வழி குறுகலாக இருக்கிறதே, குழாய் எதிர்ப்பக்கம் இருக்கிறதே என்று மட்டும் கேட்டாள். அதெல்லாம் வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறேன் என்றாள் பிரிஜெட். இந்தத் தடவை தாளோடு அந்தோணியார் மெடலைப் புதைத்தாள். தொலைந்த சாவியிலிருந்து தொலைந்த மாடு வரைக்கும் தேடிக் கொடுக்கிறவர் அவர்தான். பாத்தியில் அவரை விதையையே ஊன்றினாள். அந்த வார்த்தைக்கு எதை விதைப்பது என்று அவளுக்கு வேறு தெரியவில்லை.

கொடி வந்தது. கம்பத்தைப் பற்றி ஏறிற்று, பந்தலை மூடிற்று, இலை இலையாகத் தழைத்தது. ஒரு பூகூட விடவில்லை. வீட்டிலோ நிலைமை மோசமாயிற்று. அக்டோபர் முடிவதற்குள் டொமினிக் சுத்தமாகப் போய்விட்டார். வைத்த காபி வைத்தபடி ஆடை கட்டி நின்றது. கட்டிலில் அவர் பக்கம் குழி விழவில்லை. பிரிஜெட் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டு, இரண்டு தட்டையும் கழுவினாள். ஆஷ்லி லீவு போட்டு வருகிறேன் என்று அழுதாள். வந்து எதைப் பார்க்கப்போறே என்றாள் இவள். இறந்தோர் திருநாளுக்குக் கல்பள்ளிக் கல்லறைக்குப் போனபோது மாமியார் மாமனாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மீதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஏற்றலாமா, கூடாதா என்று ஃபாதரிடம் கேட்டாள். அவர் இறந்துவிட்டாரா என்று ஃபாதர் கேட்டார். பிரிஜெட்டுக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"இல்ல ஃபாதர். தெரியல."

தெரியல என்ற அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு அர்த்தமும் இருந்ததால் ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். அப்ப பத்தவைக்காதீங்க, பையில வெச்சுக்கோங்க என்றார். அவள் வைத்துக்கொண்டாள். பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. மஞ்சள் லைனில் நின்றுகொண்டு போகிறபோதெல்லாம், காய் என்றே எழுதியிருக்கலாம், ஒரு கூடை காயாவது மிஞ்சியிருக்கும் என்று நினைப்பாள். அடுத்த ஸ்டேஷனுக்குள் தன்னையே திட்டிக்கொள்வாள். வாரம் தவறாமல் போய்த் தண்ணீர் விட்டாள். எதிர்ப்பக்கம் இருக்கிற குழாயிலிருந்து, தானே குறுக்கிப் போட்ட வழியில், குடத்தை இடுப்பில் வைத்து ஒருக்களித்து நடந்து தண்ணீர் விட்டாள். பாதிக் குடம் சுரைக்காயில் சிந்திற்று.

டிசம்பரில் பனி இறங்கிய ஒரு காலை, பொழுது வெளுத்துச் சூரியன் வராத நேரம். மமதாவின் நிலம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பிரிஜெட் குடத்தோடு வரும்போது பந்தலுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவரைக்காய் வாசனை மூக்கைத் துளைத்தது. கொடியை விலக்கிக்கொண்டு டொமினிக் நின்றார். மீசையில் பனித்துளி, காதோரம் ஒரு இலை, முழங்கால் வரை சிவப்பு மண். அவர் வழியாக ஒரு யூகலிப்டஸ்கூடத் தெரியவில்லை. அவர் அவளைப் பார்க்கவே இல்லை. ஒரு கண்ணை மூடி, நிலத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அளந்துகொண்டிருந்தார்.

"யாரு போட்ட லேஅவுட்டு இது?" என்றார். "தண்ணி தெக்கால இருக்கு, வழியை வடக்கால விட்டிருக்க. இந்தக் கொடியைக் கொண்டாந்து வெயிலை மறைச்சு நிறுத்திருக்க, பின்னாடி இருக்கிற தக்காளி என்ன பாவம் பண்ணுச்சு? வழியா இது? கூடையைத் தூக்கிட்டு இதுல எப்படித் திரும்புவ நீ?"

பிரிஜெட் குடத்தைக் கீழே போட்டாள். அப்படியே அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, இன்னும் சொல்லுங்க, அந்த மிளகாய்ப் பாத்தியைச் சொல்லலியே என்றாள். அதையும் சொன்னார். குடத்தைப் போட்ட இடம் தப்பு என்றும் சொன்னார். சத்தம் கேட்டு வந்த மமதா, அங்கிள் எப்ப வந்தீங்க, காபி குடிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டு, மூன்றாக ஊற்றிக்கொண்டு வந்தாள். டொமினிக் சர்க்கரை குறைவு என்றார். திரும்பிப் போகும்போது மஞ்சள் லைனில் ஒரு பையன் அவர் காலை மிதித்துவிட்டு, சாரி அங்கிள் என்றான். பிரிஜெட் அந்தப் பையனுக்குப் பையிலிருந்து இரண்டு தக்காளி எடுத்துக் கொடுத்தாள். அவன் ஏன் என்று தெரியாமல் வாங்கிக்கொண்டான். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே டொமினிக்கின் குரல் உள்ளே போயிற்று; பிரிட்ஜை எவன் அங்கே வைத்தது என்று கேட்டது. அன்று மதியமே அதை நகர்த்தினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஆஷ்லி வந்து, கல்கலாப் பலகாரம் சுருட்டிக்கொண்டிருந்த அப்பாவைத் தோளிலும் கன்னத்திலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மைதா மாவு ஒட்டிற்று, அவர் இருந்தார். பையிலிருந்த மெழுகுவத்தியைக் குடிலுக்கு முன்னால் ஏற்றினார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கமான கதை. பொங்கலுக்குள் டொமினிக் துண்டு முழுவதையும் மாற்றிப் போட்டுவிட்டார். வழி நடுவில் வந்தது, மூன்றடிக்கு அகன்றது, உயரமானதெல்லாம் வடக்கே போயிற்று. ஐ.டி. தம்பதி அவரிடம் வந்து யோசனை கேட்டார்கள். பிறகு ஸ்வர்ணா மிஸ், பிறகு மமதாவே. இப்போது அந்த நிலத்தில் புதிதாகத் துண்டு எடுக்கிறவர்கள் முதலில் டொமினிக்கிடம் போய்த் திட்டு வாங்கிக்கொண்டுதான் மண்வெட்டியைத் தொடுகிறார்கள். மமதா அவருக்கென்று கொட்டகையில் ஒரு மேஜை போட்டிருக்கிறாள். ஆளும் பெருத்துவிட்டார், சட்டையெல்லாம் ரத்தினம்மாளிடம் பிரித்துத் தைக்கக் கொடுத்தாயிற்று, அதே பழுப்பு நூலில். ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. பனிக்காலத்தில் அவர் மேல் அவரைக்காய் வாசனை அடிக்கும். ஆடி மாதத்தில் கொஞ்சம் வெளிறுவார். செப்டம்பரில் திட்டத்தைப் புதைத்தால் சரியாகிவிடும்.

அந்தத் திட்டத்தில்தான் வருஷா வருஷம் ஒரு தகராறு. கோடுகள் முழுக்க அவருடையவை. கட்டத்துக்குள் எழுதுவது மட்டும் பிரிஜெட். போன செப்டம்பரிலும் அவள் எழுதி முடித்ததை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்தார். வடக்கு ஓரத்தில், நல்ல வெயில் விழுகிற, இருப்பதிலேயே கொழுத்த பாத்தி. அதற்குள் ஒரே ஒரு வார்த்தை. அவர் பென்சிலை எடுத்தார்.

"காய் விட்டுப்போச்சு. நல்ல எடத்தைக் குடுத்துட்டு வருஷா வருஷம் வெறும் எலையா அறுக்கறோம். காய்னு போட்டா கூடை கூடையா வரும்."

பிரிஜெட் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கனமான மணிக்கட்டு, ஒரு கைக்குள் அடங்கவில்லை.

"விட்டுப்போகலங்க. நான்தான் விட்டேன்."

டொமினிக் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், ஒரு கண்ணை மூடி அந்தக் கட்டத்தை மறுபடி பார்த்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். இந்த இடத்தில் இது சரியாத்தான் இருக்கு என்றார். அதனால் இன்றுவரை அந்தப் பாத்தியில் ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. பனி இறங்கினால் இரண்டு பேரும் சந்தாபுரா பஸ் ஸ்டாண்டில், மற்ற எல்லோரையும் போல, தரையில் குவித்து விற்கிற அவரைக்காயைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.